குழந்தைகளுக்குக் கதை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லையே, என்ன செய்வது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. வகுப்பில் வாயால் கதை சொன்னால் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்கிறார்கள். ஆனால் புத்தகமாக எழுதலாம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தால் "ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது" என்பதைத் தாண்டி ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது. கற்பனை வளம் பிறவியிலேயே இருக்க வேண்டுமா, பழக்கத்தில் வருமா? எனக்குப் படம் வரையவும் வராது, அது ஒரு குறையா? இவ்வளவுதான் கேள்வி.

பழக்கத்தில் வரும் டீச்சர், சந்தேகமே வேண்டாம். சிறுவர் நூல்கள் எழுதுவதும், பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் கதை சொல்வதுமாக இருக்கிறேன். எழுத வரவில்லை என்று தவிக்கிற பலரை இதில் பார்த்துவிட்டேன். அவர்களில் யாருக்கும் கற்பனை குறைவு என்று நான் நினைக்கவில்லை. யாருமே யோசிக்காத ஒன்றை மண்டைக்குள்ளிருந்து பிடுங்கி எடுக்கப் பார்க்கிறார்கள், அது வராமல் போனதும் மனம் விட்டுப்போகிறது. பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள், எதையும் அவர்கள் அப்படிப் பிடுங்குவதில்லை. கைக்கு எட்டுகிற ஒரு சாமானை எடுக்கிறார்கள், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்கள், அப்புறம் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் போகிறார்கள். எழுதுகிறவருக்கும் இதே வேலைதான்.

முதலில் அந்தச் சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை, உங்கள் பிள்ளைகளும் பார்த்ததில்லை. இந்தியாவில் சிங்கம் காட்டு மிருகமாக வாழ்வது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றியும் மட்டும்தான். நமக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வேறு கதைகளில் படித்தது. அதனால்தான் உங்கள் நோட்டிலும் அது வேறு கதைகளில் செய்ததையே செய்கிறது: ராஜாவாக இருக்கும், பசிக்கும், முயலிடம் ஏமாறும், அதோடு நின்றுவிடும். இங்கே பக்கத்தில் வால்பாறைக்குப் போங்கள். அங்கே சிங்கவால் குரங்கு இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. பெரும்பாலும் மரத்திலேயே வாழ்கிற பிராணி. காட்டுக்கு நடுவே ரோடு வந்ததால் வண்டியில் அடிபட ஆரம்பித்தது. புதுத்தோட்டம் பக்கத்தில் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், அதில் ஏறிக் கடக்கிறது. இதை இரண்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் உடனே கேட்டான்: "சிங்கத்தோட வாலை அதுக்கு யாருங்க குடுத்தாங்க?" கதை அங்கேயே பிறந்துவிட்டது. வாலைக் கொடுத்துவிட்ட சிங்கம் கிர் காட்டில் என்ன செய்துகொண்டிருக்கும்? திருப்பிக் கேட்குமா? குரங்கு கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் தரையில் இறங்காமல் வால்பாறையிலிருந்து குஜராத் வரை எப்படிப் போகும்? சிங்கம் மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள். ஆனால் இந்தச் சிங்கத்துக்கு ஒரு குறை இருக்கிறது, ஒரு கவலை இருக்கிறது. இதை வைத்து எழுதலாம்.

கேள்வி கிடைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அந்தக் கேள்விக்கு நேர்மையாக இருப்பது. இதை விளக்க அவிநாசிக் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பக்கம் தெரியாதவர்கள் இல்லை: குளத்தில் குளிக்கப் போன சின்னப் பையனை முதலை விழுங்கிவிட்டது. சில வருடம் கழித்து அந்த வழியாகச் சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. விசாரித்தால், சேர்ந்து குளிக்கப் போன இரண்டு பையன்களில் ஒருவன் பிழைத்தான், ஒருவன் போய்விட்டான் என்கிறார்கள். சுந்தரர் பதிகம் பாடுகிறார், முதலை கரைக்கு வந்து பையனைத் தருகிறது. விழுங்கிய வயதில் அவன் வரவில்லை, இத்தனை வருடம் வீட்டில் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பானோ அவ்வளவு வளர்ந்து வருகிறான். இந்த ஒரு செய்தியில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். பையன் உயிரோடு வந்தான் என்றாலே அதிசயம்தான். வளர்ந்து வந்தான் என்கிறபோது அந்த வருடங்களையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததாகிவிடுகிறது, பெற்றவர்கள் இழந்தது அதையும்தானே.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்கிற இடத்தில் அவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். "அப்ப உள்ள இருக்கையில முடி யாருங்க வெட்டிவிட்டாங்க?" "சட்டை பத்தாமப் போயிருக்குமே?" "முதலை அழுதா அவனுக்குக் கேக்குமா?" இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று வாயை அடைத்தால் அன்றைக்குப் போனது போனதுதான். முடி வெட்டியது யார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குங்கள். வயிற்றுக்குள் இருட்டு. வெளியே பகலா ராத்திரியா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? முதலைக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது, கரையேறி வெயில் காய்ந்துதான் சூடேற்றிக்கொள்ளும். அப்படியென்றால் வயிறு சூடானால் வெளியே வெயில், குளிர்ந்தால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது என்று அவன் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சூடு வருகிறபோதெல்லாம் ஒரு கோடு கிழிப்பான். எதால்? முதலை விழுங்கிய கூழாங்கல்லால். முதலைகள் நிஜமாகவே கல்லை விழுங்கும். பாருங்கள், நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கேள்விக்குப் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான். சுந்தரர் பாடிய அவிநாசியை நாம் தொடவே இல்லை, அது அப்படியே இருக்கிறது. இதே கேள்வியை நீங்கள் வேறு ஒரு குளத்துக்கும் வேறு ஒரு பையனுக்கும் மாற்றிக்கொண்டால் அது உங்கள் கதை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதுவதென்றால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், மாயம் மந்திரம் என்று சமாளித்துவிடலாம் என்கிற எண்ணம் பலருக்கு இருக்கிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கறாரானவர்கள். யானை பறக்கும் என்று முதல் பக்கத்தில் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். பறக்கிற யானை ஐந்தாம் பக்கத்தில் ஆற்றைக் கடக்க ஓடம் தேடினால் விட மாட்டார்கள்.

திருப்பூர்ப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனியில் வேலை. கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செக்கிங்கில் கழித்த பீஸ் காதர்பேட்டைக்கு விற்பனைக்கு வரும் என்பதும் தெரியும். நான் கேட்டது இதுதான்: ஒரு பனியனுக்குத் தவறிப்போய் மூன்று கை வைத்துத் தைத்துவிட்டார்கள், யாருமே வாங்கவில்லை, அது தனக்கேற்ற ஆளைத் தேடிப் புறப்படுகிறது. யாருக்குச் சேரும்?

முதல் பதில் மூன்று கை பூதம். அடுத்தது வேற்றுக் கிரகத்து ஆள். பிள்ளைகளுக்கு டிவி கொடுத்த பதில்கள், நமக்கும் முதலில் அதுதான் வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சரி, இதெல்லாம் முடிந்தது, இனிமேல் வேறு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பையன், "யானைக்குட்டிங்க! முன்னங்கால் ரெண்டு, தும்பிக்கை ஒண்ணு!" வகுப்பே கைதட்டியது. எனக்கும் பிடித்துப்போய் எழுதப் போனேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "தும்பிக்கை தலையிலதானுங்க இருக்குது, அப்பத் தலை எங்க போகும்?" என்றாள். பெரிய விவாதம் நடந்தது. பனியனைத் திருப்பிப் போட்டார்கள், கிழித்தார்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை, யானைக்குட்டியை அவர்களே அழித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் பதில். ஒரு அக்காவும் தம்பியும். பனியன் துணி நன்றாக இழுபடும், அதனால் ஒரே கழுத்தில் இரண்டு தலையும் நுழையும். வெளிப்பக்கத்துக் கைகள் இரண்டும் இரண்டு பக்கம். உள்பக்கத்துக் கைகள் இரண்டையும் கோத்துக்கொண்டு மூன்றாவது கைக்குள் விட்டுக்கொள்வார்கள். அம்மாவுக்கு நைட் ஷிப்ட், மழை பெய்கிறது, கரண்ட் இல்லை.

இதைச் சொன்ன பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும். நைட் ஷிப்ட்டும் கரண்ட் இல்லாததும் அவளே சேர்த்தது. இது அவள் வீட்டில் இருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது, ஆனால் நான் அவளிடம் உன் வீட்டைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தால் நாலு வரி கட்டுரைதான் கிடைத்திருக்கும். பனியனைப் பற்றிக் கேட்டதால் கிடைத்தது. எளிதாக வரும் முதல் சில பதில்களை எழுதி ஓரமாக வைத்துவிடுவது, அப்புறம் வரும் பதிலைக் கேள்வி கேட்டு உலுக்கிப் பார்ப்பது, இந்த இரண்டையும் நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதும்போதும் செய்யலாம். தனியாகச் செய்வதில் ஒரு சிரமம், கடைசி வரிசைப் பெண்ணாகவும் நீங்களே இருக்க வேண்டும்.

கேள்வியே வராத நாட்களும் உண்டு. அப்போது உதவுகிற ஒரு வழியை இத்தாலியரான கியானி ரொடாரி சொல்லியிருக்கிறார். சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருதை 1970இல் வாங்கியவர். கதை புனைவது பற்றி 1973இல் ஒரு நூலே எழுதினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்து எதிரெதிரே வையுங்கள் என்கிறார். நாய், அலமாரி என்பது அவர் கொடுத்த உதாரணம். நமக்கு இதைச் செய்வது இன்னும் சுலபம், வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் போதும். மழை, தறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் மழை, மழையால் ஓடும் தறி, மழைக்கு ஒரு தறி, மழையோடு சண்டை போடும் தறி, மழையை நெய்யும் தறி. கடைசி ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. மழை மேலிருந்து நேராக விழுகிறது, அது பாவு. காற்று குறுக்கே அடிக்கிறது, அது ஊடை. சோமனூரில் ஒரு தறிக்குடோனில் ஓட்டை விழுந்த கூரை வழியாக இறங்குகிற மழையைத் தறி நெய்துவிடுகிறது. அந்தத் துணியை யார் வாங்குவார்கள்? மூலனூர்ப் பக்கம் வானம் பார்த்த காடு வைத்திருக்கிற ஒரு அப்புச்சி, அதாவது தாத்தா, வந்து, "எத்தனை கெஜம் இருக்குதுங்க?" என்று கேட்பார். இரண்டு சொல்லில் இருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். பத்து ஜோடியில் எட்டு ஜோடி ஒன்றுக்கும் ஆகாது, பரவாயில்லை.

நம்முடைய விடுகதைகளும் இதே பயிற்சியைத்தான் கொடுக்கின்றன. அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள், அது யார் என்றால் அம்மியும் குழவியும். அம்மியைத் தினமும் பார்த்தவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். வாரத்தில் ஒரு நாள் உங்கள் பிள்ளைகளையே புது விடுகதை போடச் சொல்லுங்கள், வகுப்பில் இருக்கிற சாமான்களுக்கு மட்டும். டஸ்டருக்கும் மின்விசிறிக்கும் அவர்கள் போடுகிற விடுகதையில் ஒரு வருடத்துக்கான கதைக் கரு கிடைக்கும்.

அப்புறம், கற்பனைக்கும் தகவலுக்கும் பகை என்று நினைக்க வேண்டாம். எனக்கு வறண்டுபோகிறபோது நான் படிப்பது பறவை, பூச்சி, இயந்திரம் பற்றிய புத்தகங்களைத்தான். அதே வால்பாறைக் காட்டில் பெரிய இருவாச்சி இருக்கிறது. பெட்டை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் மற்றதையும் வைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பிளவு மட்டும் மிச்சம் இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை அத்திப் பழமாகக் கொண்டுவந்து ஊட்டும், இது மாதக்கணக்கில் நடக்கும். உள்ளே பொரிக்கிற குஞ்சுக்கு உலகம் என்றால் என்ன? ஒரு கோடு மாதிரி வெளிச்சம், அதில் அவ்வப்போது நீண்டு வரும் ஒரு அலகு, ஒரு பழம். அப்பாவின் முழு உடம்பை அது பார்த்ததே இல்லை. அப்பா எப்படி இருப்பார் என்று அந்தக் குஞ்சு அம்மாவைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எழுதுங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழுப் புத்தகம் ஆகும். இதில் பறவை செய்கிற காரியம் ஒவ்வொன்றும் உண்மை.

நம் ஊர்க்காரரான பெரியசாமித் தூரனை நினைத்துப் பாருங்கள். 1908இல் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர், உங்களைப் போல ஆசிரியர், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வேலை பார்த்தவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து முடித்த கையோடு குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு கலைக்களஞ்சியம் எடுத்தார், அதுவும் பத்துத் தொகுதி, 1968இல் தொடங்கி 1976இல் முடிந்தது. அந்த மனிதர்தான் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தார், கீர்த்தனைகள் எழுதினார், குழந்தை மனத்தைப் பற்றியும் எழுதினார். பழைய நூலகத்தில் அந்தச் சிறுவர் தொகுதி ஒன்று கிடைத்தால் எடுத்து எந்தப் பக்கத்தையாவது பிரியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி நிச்சயம்.

இனி மொழி. இதில் நிறையப் பேர் கால் இடறுகிறார்கள். சின்ன வாக்கியமாக எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள், தமிழில் அது போதாது. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது ஒரே சொல். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை இதன் வால் வரைக்கும் வருவதற்குள் தலையை மறந்துவிடும். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுகிறபோது சொல்லே சின்னதாக இருக்க வேண்டும். "போனார்கள். போனார்கள். இன்னும் போனார்கள்." இது நன்றாகவும் இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்திருக்கின்றன, உங்கள் பள்ளியிலும் இருக்கும். நாலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படியில் இருந்து அடுத்த படிக்குச் சொல்லும் வாக்கியமும் எப்படி நீள்கின்றன என்று மட்டும் பாருங்கள். எந்தப் பயிலரங்கும் அவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொடுக்காது.

திரும்பத் திரும்ப வருவதற்குக் கூச்சப்படாதீர்கள். வாலில் முள் குத்திய குரங்கு கதை நினைவிருக்கிறதா? வால் போய் கத்தி வந்தது டும் டும் டும், கத்தி போய் விறகு வந்தது டும் டும் டும் என்று போகும். ஒவ்வொரு தடவையும் ஒன்று போகிறது, ஒன்று வருகிறது, பிள்ளைகள் மூன்றாம் சுற்றில் நமக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கிற அந்த இடத்தில்தான் அவர்களுக்கு உற்சாகம். நம் பாட்டிகளின் கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கட்டமைப்பில் இருப்பது காரணத்தோடுதான்.

கொங்குப் பேச்சை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள். பேசுகிற இடங்களில் எழுதுங்கள். பிள்ளை அம்மாவைப் பெற்ற அமுச்சியிடம் பேசும்போது நம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும், ஓணான் ஒடக்கானாகவே இருக்கட்டும், ஒளிந்துகொள்ளும் பூனை வீட்டுக்குப் பின்னாலுள்ள பொடக்காளியில் ஒளிந்துகொள்ளட்டும். கதையைச் சொல்லிச் செல்கிற வரிகள் மட்டும் எல்லா ஊர்ப் பிள்ளையும் படிக்கிற எளிய எழுத்துத் தமிழில் இருந்தால் போதும், தெரியாத சொல்லைப் படமும் இடமும் விளக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சொற்கள் நமக்குக் கொடுக்கிற ஏக்கம் பிள்ளைக்குக் கிடையாது. கட்டுத்தரையும் திண்ணையும் கிணற்றுக் குளியலும் நம்முடைய பால்யம். திருப்பூர் வாடகை லைன் வீட்டில் இருந்து வேனில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, பக்கத்து பெஞ்சில் ஒடிசாவில் இருந்து வந்த சிநேகிதன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அதனுடைய பால்யம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அந்த காலம் எப்படி இருந்தது தெரியுமா என்று எழுதினால் அது நம் வயதுக்காரர்கள் படிக்கிற கட்டுரை. அந்த ஒடிசாப் பையனுக்கும் இவனுக்கும் நடுவே பாஷை இல்லாமல் ஒரு பம்பரம் என்ன செய்தது என்று எழுதினால் அது கதை.

படம் வரைய வராது என்று கேட்டீர்கள். வர வேண்டியதில்லை. எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர் என்பதுதான் வழக்கம். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தோடு நடந்து வருகிற அந்தப் படத்தை வரைந்த சங்கர், அதாவது சிவசங்கரன், நம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்தவர். கதையில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிற வரிகள்தான் அந்த இடம். அவர் வரைந்ததால் அந்த நடையும் வாளும் மரமும் ஒரு தலைமுறைக்கே மனத்தில் தங்கிவிட்டன. நீங்கள் செய்ய வேண்டியது ஓவியருக்கு இடம் விடுவது. அவள் சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்தாள், இரட்டைச் சடை போட்டிருந்தாள் என்று எழுதினால் படம் சொல்லப்போவதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அடித்துவிடுங்கள். "வீட்டில் யாருமே இல்லை" என்று நீங்கள் எழுதுங்கள், பரணில் இருந்து ஒரு வால் தொங்குவதை ஓவியர் வரையட்டும். படிக்கத் தெரியாத தம்பிப் பாப்பா அதை முதலில் கண்டுபிடித்துக் கத்தும், படிக்கத் தெரிந்த அக்காவுக்கு முன்னால்.

பக்கக் கணக்கையும் மனத்தில் வையுங்கள். பெரிய தாளை அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும், அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்பார்கள். அதனால்தான் படப் புத்தகங்கள் 16, 24, 32 என்று இருக்கின்றன. தலைப்பு, பதிப்பு விவரம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பழைய தாளைப் பாதியாக மடித்து, சின்ன நோட்டு மாதிரி தைத்து, அதில் உங்கள் கதையை எழுதிப் பாருங்கள். பக்கத்தைத் திருப்ப வைக்கிற வரி வலது பக்கத்தின் அடியில் வர வேண்டும், பதில் திருப்பிய பிறகு வர வேண்டும். இதைச் செய்த உடனே எந்த வரி வேண்டாதது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நீதி. ஆசிரியராக இருப்பதால் உங்களுக்கு இந்த இழுப்பு அதிகம் இருக்கும். கடைசி வரியில் "ஆகவே பொய் சொல்லக் கூடாது" என்று போடாவிட்டால் கதை முடியாத மாதிரி இருக்கும். நீதியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி பிராணிகளைத் தேடினால் கற்பனை ஒரு அடி கூட நகராது, ஏனென்றால் எல்லோரும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அந்த அக்காவும் தம்பியும் கதையின் கடைசியில் "ஒற்றுமையே பலம்" என்று எழுதிப் பாருங்கள், கோத்திருந்த கை விட்டுப்போன மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளுக்கு நல்லது சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயம், பொறாமை, தனிமை, அம்மா வரத் தாமதமாகும்போது வயிற்றில் ஏற்படுகிற அந்தக் கலக்கம், இதையெல்லாம் ஒரு கதை மறைக்காமல் சொன்னாலே அது பிள்ளைக்குப் பெரிய துணை. உனக்கு நடப்பது எனக்குத் தெரியும் என்று ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது அது.

தினசரி என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு, அதில் ஒரு நாளைக்கு ஒரு வரி. அன்றைக்கு ஏதாவது ஒரு பிள்ளை சொன்னதோ கேட்டதோ, அப்படியே, திருத்தாமல். பெயர் எழுத வேண்டாம். அப்புறம் வீட்டில் தரையில் உட்காருங்கள், மூன்றரை அடி உயரத்தில் இருந்து சமையலறையைப் பாருங்கள். மேசையின் அடிப்பக்கம் தெரியும், கேஸ் சிலிண்டர் ஒரு ஆள் மாதிரி நிற்கும், பெரியவர்கள் என்றால் பெரும்பாலும் முட்டிதான். இதைச் செய்யாமல் எழுதிய கதைகளில் எல்லாம் மேலே இருந்து குனிந்து பார்க்கிற பார்வை இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எழுதியதைச் சத்தம் போட்டுப் படியுங்கள், முதலில் தனியாக, பிறகு வகுப்பில். ஆனால் நல்லா இருந்ததா என்று கேட்காதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் மரியாதைக்காரப் பிள்ளைகள், "நல்லாருக்குதுங் மிஸ்" என்றுதான் சொல்வார்கள். படிக்கும்போது எந்த இடத்தில் கால் ஆட்டத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள், அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிடுகிற பகுதி அநேகமாகப் புள்ளி வைத்த பகுதியாக இருக்கும். அவர்கள் புதிதாகச் சேர்க்கிற பகுதியையும் கேளுங்கள், கதை எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று அதில் தெரியும்.

வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைப் படித்துப் பாருங்கள், உங்கள் பிள்ளைகளையும் எழுத வையுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015இல் இருந்து இருக்கிறது, திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஏற்கெனவே இருக்கிற படங்களை வைத்து நீங்களே ஒரு கதையை எழுதி ஏற்றவும் முடியும், ஓவியர் கிடைக்கும்வரை பழகுவதற்கு நல்ல இடம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும். சிறுவர் நூல் போடுகிற பதிப்பகங்களின் கடையில் போய் நின்று, பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறார்கள் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பாருங்கள். கதை கையில் தயாராக இருந்தால் அங்கேயே பதிப்பாளரிடம் பேசலாம், கையெழுத்துப் பிரதியின் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.